ஒத்தக் கால்ல நிக்குற கதை

"தம்பி, அந்த முக்காலி உள்ள வரக்கூடாது."

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பழைய கோயில். வாசல்ல நின்ன காவல்கார அண்ணன் தன்மையாத்தான் சொன்னாரு. தொல்லியல் துறை பராமரிக்கிற இடங்கள்ல முக்காலி விரிக்கணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணும். நான் வாங்கலை. தப்பு என் மேலதான். முக்காலியை அவர் நாற்காலிக்குப் பின்னாடி சாத்தி வச்சுட்டு, பைக்குள்ளேர்ந்து இன்னொண்ணை உருவினேன். ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற மெல்லிசான அலுமினியக் குழாய், நுனியில ஒரு திருகாணி. எடை அரைக்கிலோ இருந்தா அதிகம்.

"அது என்ன தம்பி?"

"மோனோபாட்ணே. ஒரே ஒரு கால்தான்."

வாங்கி உருட்டிப் பார்த்தாரு. "கம்பு மாதிரில்ல இருக்கு! சரி போங்க. உள்ள போயி ஒத்தக் கால்ல நிக்காம, சட்டுனு எடுத்துட்டு வந்துருங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே விட்டுட்டாரு. கூட வந்த எங்கப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "இவன் பொறந்ததுலேர்ந்தே அப்படித்தாங்க"ன்னு எடுத்துக் கொடுத்தாரு. அப்பாக்களுக்கு இதெல்லாம் சொல்லித் தரணுமா என்ன :-)

வீட்டுக்கு வந்தும் அந்த வார்த்தை மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. கேமராவுக்கு முதல்ல மூணு கால் எதுக்கு வந்துச்சு? அப்புறம் எப்படி ஒண்ணா ஆச்சு? கடைசியில காலே இல்லாம எப்படிப் போச்சு? ஆபீஸ்ல ஆணி புடுங்குன நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இதையே நோண்டிக்கிட்டிருந்தேன். நோண்ட நோண்ட இது கால்களோட கதை மட்டும் இல்லைன்னு தோணுச்சு. ஒரு படம் ஆடாம வரணும்னா யாராவது ஒருத்தர் அதுக்கு உழைச்சாகணும். அந்த ஒருத்தர் யாருங்கிறதுதான் உண்மையில இந்தக் கதை. கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க மக்கா.

ஆளில்லாத தெரு

1838. பாரிஸ். லூயி தாகேர் தன் வீட்டு ஜன்னல்லேர்ந்து 'பூல்வார் து தாம்ப்ள்'ங்கிற பெரிய சாலையைப் படம் எடுக்கிறாரு. வண்டியும் குதிரையும் ஜனமுமா எப்பவும் அலைமோதுற சாலை அது. படத்துல பார்த்தா ஈ காக்கா இல்லை. காரணம் எளிசு. வெள்ளி பூசின அந்தத் தகட்டுல உருவம் பதிய நிமிஷக் கணக்குல வெளிச்சம் விழணும். அதுக்குள்ள நடந்து போனவங்க, வண்டியில போனவங்க யாருமே பதியலை. தெரு மட்டும் பதிஞ்சுது.

ஓரத்துல ஒரே ஒரு ஆள் மட்டும் இருக்காரு. ஒரு காலைத் தூக்கி வச்சு பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டு நிக்கிறாரு. அசையாம நின்னதால பதிஞ்சுட்டாரு. 1839-ல் பாரிஸுக்கு வந்திருந்த சாமுவேல் மோர்ஸ் (தந்தி மோர்ஸ்தான்!) இந்தப் படத்தைப் பார்த்துட்டு, தெரு காலியா இருக்கு, பூட்ஸ் துடைக்கிறவர் மட்டும்தான் இருக்காருன்னு ஊருக்கு எழுதினாரு. மனுஷன் பதிஞ்ச முதல் புகைப்படங்கள்ல ஒண்ணா இதைச் சொல்றாங்க. யோசிச்சுப் பாருங்க, அந்த ஆளும் கிட்டத்தட்ட ஒத்தக் கால்லதான் நிக்கிறாரு!

அப்ப முக்காலிங்கிறது வசதி இல்லை, நிர்ப்பந்தம். கேமரா சில நிமிஷம் ஆடக்கூடாது. மூணு புள்ளி இருந்தா மேடு பள்ளமான தரையிலும் ஒரு தளம் கிடைச்சுரும், நாலு கால்னா ஒண்ணு ஆடும். நம்ம வீட்டு முக்காலிக்கும் நில அளவைக்காரங்க தியோடலைட் வைக்கிற முக்காலிக்கும் உள்ள அதே தத்துவம்தான்.

கேமராவை முக்காலி பிடிச்சுக்கும். எதிர்ல உக்காந்திருக்கிற மனுஷனை யாரு பிடிக்கிறது? அதுக்கும் ஒரு வழி வச்சிருந்தாங்க. அந்தக் கால ஸ்டூடியோக்கள்ல கனமான இரும்பு அடித்தட்டுல நட்டுக்குத்தலா ஒரு கம்பி, அதோட நுனியில கவட்டை மாதிரி ஒரு பிடி. உக்கார்றவங்களோட பின்னந்தலையை அதுல பொருத்திருவாங்க. அந்தக் காலத்துப் படங்கள்ல எல்லாரும் விறைப்பா, செய்யாத குத்தத்துக்கு மாட்டிக்கிட்ட மாதிரி மூஞ்சிய வச்சிருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். சில பழைய படங்கள்ல காலுக்குப் பின்னாடி அந்த இரும்பு அடித்தட்டு எட்டிப் பார்க்கும், கவனிச்சுப் பாருங்க. ஆக முதல் 'ஒத்தக் கால்' கேமராவுக்கு வரலை, மனுஷனுக்குத்தான் வந்திருக்கு!

தஞ்சாவூருக்கு வந்த மாட்டுவண்டி

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியோட மதராஸ் ராணுவத்துல அதிகாரி. 1854 கடைசியில ஹளேபீடு, பேளூர் கோயில்களைப் படம் எடுத்தாரு. 1855-ல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோட போய் இருநூத்துக்கும் மேல நெகட்டிவ் எடுத்தாரு. அதைப் பார்த்துட்டு 1857-ல் மதராஸ் அரசாங்கமே அவரை அதிகாரபூர்வப் புகைப்படக்காரரா நியமிச்சுது. அந்த வருஷக் கடைசியில கிளம்பி, மாசக்கணக்கா சுத்துனாரு. ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர்னு நாம இன்னைக்கு சனி ஞாயிறுல பஸ் பிடிச்சுப் போற அதே ரூட்டு.

நமக்கு முதுகுல ஒரு பை. அவருக்கு மாட்டுவண்டிகள். ஏன்னா அப்ப நெகட்டிவ்லேர்ந்து பெரிசா பிரிண்ட் போடுற வழக்கம் கிடையாது. நெகட்டிவ் எவ்வளவோ படமும் அவ்வளவுதான். ஒரு அடிக்கு மேல நீளமான படம் வேணும்னா நெகட்டிவும் அதே அளவு, அதைப் போடுற கேமராவும் ஒரு பெட்டி அளவு, அதைத் தாங்குற முக்காலியும் அதுக்கேத்த மாதிரி. அதோட ரசாயன ஜாடிகள், தட்டுகள், தண்ணி. கண்ணாடித் தகட்டுல கொலோடியன் பூசுற புது முறை 1851-லேயே வந்திருந்தாலும், நம்ம வெயில்ல அது தாங்காதுன்னு ட்ரைப் மெழுகு ஏத்தின காகித நெகட்டிவையே வச்சுக்கிட்டாரு. அதுக்கு நிமிஷக் கணக்குல வெளிச்சம் வேணும்.

அவரோட மதுரைப் படங்கள், தஞ்சாவூர்ப் படங்கள் இணையத்துல சுலபமா கிடைக்குது. பார்த்தா அசந்து போயிருவீங்க. கல்லு கல்லா தூண் தூணா அவ்வளவு துல்லியம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தோட அடித்தளத்துல ஓடுற கல்வெட்டுகளைத் துண்டு துண்டா எடுத்து, 21 படங்களை ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கியிருக்காரு. 1858-ல்! இன்னைக்கு போன்ல 'பனோரமா'ன்னு பட்டனைத் தட்டி, பாதியில கை ஆடி, கோபுரம் ஒடிஞ்சு போய் வர்ற ஆளுங்க நாம. முக்காலியைக் கல்வெட்டுக்கு இணையா நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் மட்டம் பார்த்து, தூரம் பார்த்து... ஒரு இஞ்சினியரா சொல்றேன், கும்பிடணும்.

ஆனா கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா ஒண்ணு உறுத்தும். கோயில்ல ஆளே இல்லை. மதுரைக் கோயில், தஞ்சைக் கோயில், சுத்தி வர தெருக்கள்... பூக்காரம்மா இல்லை, குருக்கள் இல்லை, பிள்ளைங்க இல்லை, மாடு கூட இல்லை. கைவிடப்பட்ட ஊர் மாதிரி இருக்கும். அரசாங்கத்துக்கு வேண்டியது கட்டடக்கலைப் பதிவு, அதனால ஆள் பதியாதது அவருக்கு ஒரு குறையாவே தெரிஞ்சிருக்காது. கேமராவுக்கோ ஆட்களைப் பார்க்கவே வழி இல்லை. ரெண்டும் சேர்ந்து, மக்கள் இல்லாத ஒரு தமிழ்நாட்டை நமக்குக் கொடுத்துட்டுப் போயிருச்சு. காத்துல ஆடி மங்கிப்போன மரத்து இலைகளையும், வெளிறிப்போன வானத்துல மேகத்தையும் நெகட்டிவ் மேலயே வண்ணம் தொட்டுச் சரி பண்ணினாரு ட்ரைப். காணாம போன ஜனங்களை யாரு வரையறது?

அந்த வேலையும் நீடிக்கலை. 1859-ல் மதராஸ் கவர்னரா வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், இருக்கிற நிதி நிலைமைக்கு இதெல்லாம் ஆடம்பரம்னு சொல்லி நிறுத்தச் சொல்லிட்டாரு. 1860-ல் ட்ரைப்போட புகைப்படப் பிரிவையே மூடிட்டாங்க. பட்ஜெட் கட்! அப்புறம் ரொம்ப காலத்துக்கு அவரைப் பத்திப் பெருசா பேச்சே இல்லை. 2014-15-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன்னு பெரிய மியூசியங்கள்ல அவருக்காகவே தனிக் கண்காட்சி வச்சப்பதான் நிறைய பேருக்கு அவர் பேரே தெரிஞ்சுது.

தூக்கினவங்க

ட்ரைப்புக்கு வண்டி மாடு. சாமுவேல் போர்னுக்கு மனுஷங்க.

போர்ன் இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்ல பேங்க் குமாஸ்தாவா இருந்தவர். வேலையை விட்டுட்டு 1863-ல் இந்தியாவுக்கு வந்தாரு. 1863, 1864, 1866னு மூணு தடவை இமயமலைப் பயணம். பின்னாடி கல்கத்தாவுல பேர் பெற்ற 'போர்ன் அண்ட் ஷெப்பர்ட்' ஸ்டூடியோவுல வர்ற போர்ன் இவர்தான். 1866-ல் 18,600 அடி உயர மணிருங் கணவாய்ல ஏறிப் படம் எடுத்தாரு. அதை விட உயரத்துலேர்ந்து ஒரு புகைப்படம் வர கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆச்சுன்னு சொல்றாங்க.

இவர் பயன்படுத்தினது ஈரக் கொலோடியன். கண்ணாடியில மருந்தைப் பூசி, அது காயறதுக்குள்ள படம் எடுத்து, காயறதுக்குள்ளேயே கழுவியும் ஆகணும். ஆக கேமரா போற இடமெல்லாம் இருட்டறையும் கூடவே போகணும். கூடாரம், கண்ணாடித் தகடுகள், ரசாயனம், கேமரா, முக்காலி, அப்புறம் துரைக்கு வேண்டிய சாமான் செட்டு எல்லாத்தையும் தூக்க, முதல் பயணத்துலேயே ஏறக்குறைய 30 கூலியாட்கள்.

போர்ன் தன் பயணங்களைப் பத்தி இங்கிலாந்துப் புகைப்படப் பத்திரிகைக்கு விலாவாரியா எழுதினாரு. சுவாரசியமான எழுத்துதான். ஆனா நடுநடுவுல படிக்கிற நமக்குத்தான் கூசும். பனியிலயும் மழையிலயும் சுமை தூக்க முடியாம ஓடிப்போய் ஒளிஞ்சவங்களை, கம்பை எடுத்துக்கிட்டுத் தேடிப்போய் அடிச்சு இழுத்துட்டு வந்ததை அவரே எழுதியிருக்காரு. எந்த இடத்துல எத்தனை தகடு, எவ்வளவு குளிர், எந்த நதி, எந்தக் கணவாய் எல்லாமே நமக்குத் தெரியுது. தூக்கினவங்க பேரைத் தேடினா பெரும்பாலும் கிடைக்கிறது 'கூலிகள்'ங்கிற ஒரே வார்த்தைதான்.

இதைப் படிக்கும்போது கோபம் வந்துச்சு. வந்த கையோட ஒரு கொசுவத்தியும் சுத்துச்சு.

மூணு வருஷம் முன்னாடி கொல்லிமலை. ஆகாயகங்கை அருவி. அப்பதான் கேமரா வாங்கின புதுசு, கூடவே கனமா ஒரு முக்காலி. அருவித் தண்ணி பால் வழியற மாதிரி, பட்டு மாதிரி விழுமே, அந்தப் படம் எடுக்கணும்னு ஆசை. ஷட்டரைச் சில வினாடி திறந்து வைக்கணும், முக்காலி இல்லாம நடக்காது. ஆயிரத்துக்கும் மேல படிக்கட்டு. நான் கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அங்கங்க நின்னு நின்னு படம் எடுத்துக்கிட்டே இறங்கினேன். முக்காலியைத் தூக்கிக்கிட்டு வந்தது அப்பா. "கொடுடா, நீ படம் எடு"ன்னு முதல் வளைவுலேயே வாங்கிக்கிட்டாரு. ஏறும்போதும் அவர்தான். முட்டிவலிக்காரர். ஒரு தடவை கூட "கொடுங்கப்பா"ன்னு நான் திருப்பிக் கேட்டதா ஞாபகம் இல்லை.

போர்ன் கதையைப் படிச்ச ராத்திரி அந்தப் பழைய ஃபோல்டரைத் திறந்தேன். இருநூத்திச் சொச்சம் படம். அருவி, பாறை, படிக்கட்டு, மரம், மறுபடி அருவி. அப்பா ஒரே ஒரு படத்துல இருந்தாரு. 'இருந்தாரு'ன்னு சொல்றது கூடத் தப்பு. நாலு வினாடி திறந்து வச்ச ஒரு படத்துல, இடது ஓரத்துல, பாறைக்கு முன்னாடி சாம்பல் நிறத்துல புகை மாதிரி ஒரு தீற்றல். எங்கிட்ட தண்ணி பாட்டில் கொடுக்கக் குறுக்க வந்தவரு. "ஐயோ ஃபிரேம்ல வராதீங்கப்பா"ன்னு அப்ப கத்தினேன்.

போர்னைத் திட்ட எனக்கென்ன தகுதி இருக்கு?

கால் ஒவ்வொண்ணா கழண்ட காலம்

சரி, வரலாறுக்குத் திரும்புவோம். 1871-ல் ரிச்சர்ட் மாடக்ஸ்ங்கிற இங்கிலாந்து டாக்டர், ஜெலட்டின் பூசின உலர்தகடு பத்தி எழுதினாரு. 1878-ல் சார்லஸ் பென்னெட் அதோட வேகத்தைப் பல மடங்கு கூட்டினாரு. நிமிஷங்கள் வினாடியாச்சு, வினாடிகள் பின்னமாச்சு. இருட்டறையைச் சுமக்க வேண்டாம். 1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மனோட கோடக் பெட்டி வந்துச்சு. ஒரு சுருள்ல 100 படம், கையிலேயே பிடிச்சு எடுக்கலாம், கழுவுறதைக் கம்பெனி பார்த்துக்கும். 1900-ல் ஒரே டாலருக்கு 'பிரவுனி'. 1925-ல் ஆஸ்கர் பார்னாக் உருவாக்கின லைக்கா விற்பனைக்கு வந்துச்சு. சட்டைப் பைக்குள்ள போற கேமரா. முக்காலிக்கு வேலையே இல்லை.

கால் கழண்டதும் என்ன ஆச்சுன்னு பார்க்க நாம தூரமா போக வேண்டாம், திருவண்ணாமலைக்குப் போனா போதும். 1950 ஏப்ரல் 14, ரமண மகரிஷி மறைந்த அன்னிக்கு ராத்திரி ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் அந்த ஊர்லதான் இருந்தாரு. அந்த நேரத்துல வானத்துல ஒரு ஒளி மெதுவா நகர்ந்து போனதைத் தானும் பார்த்ததா அவர் சொன்னது பிரபலம். கையில லைக்கா. முக்காலி கிடையாது, ஃபிளாஷ் கிடையாது. ரமணரோட கடைசி நாட்களைப் படம் எடுத்தாரு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1948-ல் டெல்லியில காந்தியோட இறுதி ஊர்வலத்தை எடுத்ததும் இதே ஆள்தான்.

ட்ரைப்போட தஞ்சாவூரையும் இவரோட இந்தியப் படங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. அங்க கல்லு மட்டும். இங்க முகம், கை, கூட்டம், அழுகை. நடுவுல ஏறக்குறைய தொண்ணூறு வருஷம். மாறினது எடுக்கிறவரோட மனசு மட்டும் இல்லைங்க, ஷட்டரோட வேகமும்தான். உலகம் கேமராவுக்காக அசையாம நிக்க வேண்டிய அவசியம் முடிஞ்சு போச்சு.

ஆனா ஒரு திருப்பம். கலர் வந்துச்சு, கால் திரும்பி வந்துருச்சு! 1936-ல் ஸ்டில் கேமராக்களுக்கு வந்த கோடாக்ரோம் பிலிமோட வேகம் இன்னைய கணக்குல ஐ.எஸ்.ஓ. 10 பக்கம்தான். நல்ல வெயில்ல எஃப் 5.6 வச்சா 1/80 வினாடி கிடைக்கும், பிரச்சினை இல்லை. மர நிழலுக்குப் போனாலே 1/10 ஆயிரும். கோயில் பிரகாரத்துக்குள்ள போனா வினாடிக் கணக்கு. பிற்பாடு 25, 64ன்னு வேகம் கூடுச்சு. 1990-ல் ஃபியூஜி வெல்வியா வந்து, பயணப் படக்காரங்க எல்லாம் அதுக்குப் பின்னாடி ஓடினாங்க. அதோட வேகமும் 50தான். நிறம் வேணுமா, வேகம் வேணுமா? ஒண்ணைத்தான் கேக்கலாம்.

இந்த இக்கட்டுலதான் மோனோபாட் தன் இடத்தைப் பிடிச்சுது. விளையாட்டு மைதான ஓரத்துல, பீரங்கி மாதிரி லென்ஸ் வச்சிருக்கிறவங்க எல்லாரும் அதுக்கு அடியில ஒத்தைக் கம்பு ஊனியிருப்பாங்க, டிவியில பார்த்திருப்பீங்க. அங்க அதோட முதல் வேலை எடையைத் தாங்குறது. பயணத்துல வேலை வேற, ஆட்டத்தைக் குறைக்கிறது.

அது எப்படி குறைக்குதுன்னு ஒரு சின்ன இஞ்சினியரிங் இடைவேளை. (பயப்படாதீங்க, ஃபார்முலா இல்லை.) கேமராவைக் கையில பிடிச்சா அது மேல கீழ போகும், முன்னாடி பின்னாடி தலையாட்டும், இடம் வலமா திரும்பும். அடியில ஒரு கம்பை ஊனினா மேல கீழ ஆடுறது நின்னுரும், தலையாட்டுறது பெருமளவு குறையும், இடம் வலமா திரும்புறது மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கும். 50 மி.மீ. லென்ஸ்னா வெறுங்கையில 1/50க்குக் கீழ போகாதேன்னு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. மோனோபாட் இருந்தா 1/12, மூச்சடக்கி நின்னா 1/8 வரைக்கும் தைரியமா போகலாம். அனுபவத்துல ரெண்டுலேர்ந்து மூணு ஸ்டாப் லாபம். அதாவது நாலுலேர்ந்து எட்டு மடங்கு வெளிச்சம், அரைக்கிலோ எடைக்கு!

இன்னொண்ணு கவனிச்சீங்களா? முக்காலி விரிச்சுட்டா நாம தள்ளி நின்னு டீ குடிக்கலாம். மோனோபாட் அப்படி விடாது. கையை எடுத்தா விழுந்துரும். அதுக்கு ஒரு கால்தான் இருக்கு, மிச்ச ரெண்டு கால் நம்ம கால். எடுக்கிறவனே முக்காலியில ரெண்டு காலா மாறிடறான். ட்ரைப்புக்காக மாடு இழுத்ததை, போர்னுக்காகப் பேர் தெரியாதவங்க சுமந்ததை, ஸ்டூடியோவுல உக்காந்தவங்க கழுத்து தாங்கினதை, இங்க படம் எடுக்கிறவன் தன் உடம்பால செய்யறான். எனக்கு இந்தக் கம்பைப் பிடிச்சுப்போன காரணம் இதுதான்.

மேல இருக்கிற அந்தத் திருகாணிக்கும் ஒரு கதை உண்டு. கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 புரி. 1841-ல் ஜோசப் விட்வொர்த் ஒரே மாதிரி திருகு அளவுகள் வேணும்னு கொண்டுவந்த முறையிலேயே கால் அங்குலத்துக்கு 20 புரிதான். இன்னைக்கு நம்ம கேமரா அடியில இருக்கிற துளையிலும் அதே கால் அங்குலம், அதே 20 புரி. கேமரா முழுக்க மாறியாச்சு, அந்த ஓட்டை மட்டும் மாறலை. சாஃப்ட்வேர்ல ஆறு மாசத்துக்கு முன்னாடி எழுதினதே இப்ப ஓட மாட்டேங்குது, ம்ம்ம்...

தரையை விட்ட கம்பு

ஒத்தக் காலோட கதையில இன்னொரு கிளை இருக்கு. நம்ம ஊர்க் கடைகள்ல 'மோனோபாட்' கேட்டா பல சமயம் எடுத்து நீட்டுறது செல்ஃபி ஸ்டிக்கை. அது தப்புன்னு நான் ரொம்ப நாள் சண்டை போட்டிருக்கேன். வரலாறைப் பார்த்தா அது பங்காளிதான்!

ஹிரோஷி உவேடா, ஜப்பான்ல மினோல்டா கம்பெனியில இஞ்சினியர். மனைவியோட ஐரோப்பா சுத்தப் போனாரு. பாரிஸ்ல லூவ்ர் மியூசியத்துக்கிட்ட, எங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுப்பான்னு ஒரு பையன்கிட்ட கேமராவைக் கொடுத்திருக்காரு. பையன் கேமராவோட ஓடிட்டான்! ஊருக்கு வந்தவர் நீட்டி மடக்குற கம்பு ஒண்ணு செஞ்சு, 1983-ல் காப்புரிமையும் வாங்கினாரு. அந்த வருஷம் வந்த மினோல்டா டிஸ்க்-7 கேமராவுல, நம்ம மூஞ்சியை நாமே பார்த்துக்க முன்பக்கம் ஒரு குட்டிக் கண்ணாடி கூட இருந்துச்சு. யாரும் சீண்டலை. 1995-ல் வந்த ஒரு புத்தகம் அதை 'உபயோகமில்லாத ஜப்பானியக் கண்டுபிடிப்புகள்' வரிசையில சேர்த்துச் சிரிச்சுது. 2003-ல் காப்புரிமையும் காலாவதி. அதுக்கப்புறம்தான் முன்பக்க கேமரா வச்ச போன்கள் பரவலாகி, 2014-ல் டைம் பத்திரிகை அந்த வருஷத்துச் சிறந்த கண்டுபிடிப்புகள்ல ஒண்ணா செல்ஃபி ஸ்டிக்கைச் சொல்லுச்சு. அடுத்த வருஷமே வெர்சாய் அரண்மனையும் லண்டன் நேஷனல் கேலரியும் தடை போட்டுருச்சு. மூணு காலுக்குத் தடை, காலே இல்லாத கம்புக்கும் தடை. நடுவுல ஒத்தக் கால் எப்படியோ நழுவிப் போயிக்கிட்டிருக்கு.

உவேடா செஞ்சது சின்ன விஷயம் இல்லை. அதுவரைக்கும் பெரும்பாலும் படம் எடுக்கிறவன் படத்துல இருக்க மாட்டான். அந்தக் கம்பு தரையை விட்டுக் கைக்கு வந்ததும் அவனும் உள்ள வந்துட்டான்.

அப்புறம் வந்ததெல்லாம் நம்ம காலத்துக் கதை, சுருக்கமா முடிச்சுடறேன். 1995-ல் கேனன் கம்பெனி 75-300 மி.மீ. லென்ஸுக்குள்ளேயே ஆட்டத்தை அளந்து எதிர்த் திசையில தள்ளுற அமைப்பை வச்சுது. எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள்ல அதுதான் முதல். 2003-ல் மினோல்டா (அதுக்குள்ள கொனிகாவோட சேர்ந்தாச்சு) லென்ஸை விட்டுட்டு சென்சாரையே ஆட்டுச்சு. 2016-ல் ஒலிம்பஸ் இஞ்சினியர் ஒருத்தர், ஆறரை ஸ்டாப்புக்கு மேல போறது கஷ்டம், பூமி சுத்துறதே குறுக்க வருதுன்னு சொன்னாரு. பூமி சுத்துறதுக்கே பஞ்சாயத்தா! அந்த எல்லையையும் பின்னாடி தாண்டிட்டாங்க. 2018-ல் பிக்சல் போன் 'நைட் சைட்'னு கொண்டு வந்துச்சு. இருட்டுல வரிசையா பல படம் எடுத்து, கை ஆடினதுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா பொருத்திக் கூட்டிடுது. ஆக இன்னைக்குச் சுமை தூக்குறது ஒரு சிப்.

அப்ப இந்தக் கம்பு எதுக்கு? நேர்மையா சொன்னா பல நேரம் தேவையில்லை. இதைத் தூக்கிப் பரண்ல போடலாமான்னு நானே யோசிச்சிருக்கேன்.

ஆனா அன்னிக்கு அந்தக் கோயில் பிரகாரத்துல வெளிச்சம் ரொம்பக் கம்மி. அப்பா நடந்த களைப்புல ஒரு தூணுக்குக் கீழ உக்காந்துட்டாரு. என் கேமரா கொஞ்சம் பழசு, அந்தச் சிப்பு சமாச்சாரம் எதுவும் அதுல கிடையாது. கம்பை ஊனி, இடது காலைக் கொஞ்சம் முன்னாடி வச்சு, தோளை எதிர்த் தூண்ல சாய்ச்சுக்கிட்டேன். ஐ.எஸ்.ஓ. 800, 1/8 வினாடி.

"அப்பா, கொஞ்சம் அசையாம இருங்க."

"நான் எங்கடா அசையறேன், நீதான் ஆடுற."

"ஆடலைப்பா. இங்க பாருங்க."

"என்னைப் போயி எடுக்கிற. கோயிலை எடுடா, அதுக்குத்தானே வந்தோம்?"

நாலு எடுத்தேன். மூணாவது நல்லா வந்துச்சு. தூண் சிற்பம் துல்லியமா இருக்கு. அப்பா முகம் லேசா சிரிக்க ஆரம்பிச்சதால வாயோரம் ஒரு மயிரிழை கலங்கியிருக்கு. அதை நான் சரி பண்ணப் போறதில்லை.

திரும்பும்போது வாசல் படியில இறங்க அப்பா கொஞ்சம் தடுமாறினாரு. நான் ஒண்ணும் சொல்லலை, கையிலிருந்த மோனோபாட்டை நீட்டினேன். வாங்கி ஊனிக்கிட்டு இறங்கினாரு. காவல்கார அண்ணன் பார்த்துட்டு, "அதான் சொன்னேன்ல, கம்புதான்னு!" என்றார். முக்காலியை அவர்கிட்டேர்ந்து வாங்கி, கார் வரைக்கும் இந்தத் தடவை நானே தூக்கிட்டு வந்தேன்.

பின்குறிப்பு 1: மோனோபாட் வாங்கக் காசு செலவழிக்கணுமான்னு கேக்குறவங்களுக்கு ஒரு பழைய வித்தை. கால் அங்குலத் திருகாணி ஒண்ணு, அதுல உங்க உயரத்துக்கு ஒரு நைலான் கயிறு. கேமரா அடியில லேசா திருகி (அழுத்தித் திருகினா உள்ள போய் இடிக்கும், ஜாக்கிரதை), கயிற்றோட மறு நுனியைக் காலால மிதிச்சுக்கிட்டு, கேமராவை மேல இழுத்துப் பிடிங்க. ஆட்டம் நல்லாவே குறையும். சட்டைப் பையில அடங்கிரும், எந்த வாசல்லயும் யாரும் தடுக்க மாட்டாங்க.

பின்குறிப்பு 2: உங்க பழைய சுற்றுலா ஃபோல்டர் ஒண்ணைத் திறந்து, கூட வந்தவங்க எத்தனை படத்துல இருக்காங்கன்னு எண்ணிப் பார்த்துட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க. நான் என் கணக்கைச் சொல்லிட்டேன் :-(